டத்தின் கேட்ட குறைகள்

கொட்டகைக் கதவின் கொண்டி கழன்று சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம் வீட்டுக்குள் படுத்திருந்த சன்னாசிக்கு நன்றாகவே கேட்டது. கேட்காதவர்போல் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். அது பலிக்கவில்லை.

“இங்க வாங்க. உங்க அருமைக் கொண்டி கீழ கெடக்கு.”

செல்லாயியின் குரலுக்கு மைக் என்றைக்கும் தேவைப்பட்டதில்லை. சின்ன வயதில் பால்மரக் காட்டில், தன் நிரையில் மரம் சீவிக்கொண்டே தூரத்து நிரையில் நிற்பவளிடம் கதை பேசிப் பழகிய குரல். சுங்காய்ப் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இடிந்தன. சனங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் குரல் மட்டும் ஒரு பிடி குறையாமல் அப்படியே இருந்தது.

சன்னாசி பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசல்வரை போனார். அதைத் தாண்டி உள்ளே போகிற வழக்கம் அவருக்கு இல்லை. லோரி அவருடையது, மாடு அவளுடையது என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டாயிற்று. செம்பனைக் குலை ஏற்றும் லோரியை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் அந்த எல்லை மாறவில்லை.

“எத்தனை நாளாச் சொல்றேன், ஆடுது ஆடுதுன்னு. இப்ப ஆட்டம் நின்னு போச்சு.”

“நாளைக்கு ஈப்போ போறப்ப புதுசு வாங்கிட்டு வாரேன்லா.”

“எந்த வருசத்து நாளைக்கு?”

புல்லுக்கட்டுக் கட்டும் நீல ரஃபியா பிளாஸ்டிக் கயிறு கம்பத்தில் தொங்கியது. சன்னாசி அதை எடுத்துக் கதவைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். செல்லாயி பால் வாளியோடு வந்து முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

“இந்த லட்சணத்துல முடிச்சுப் போட்டா, அந்தக் காலத்துல பாதிக் குலையை ரோட்டுலதான் எறக்கியிருப்பீங்க.”

சிரித்ததில் பற்பசை நுரை சட்டையில் விழுந்தது. அதற்கும் ஒரு வசவு கிடைத்தது. சட்டையை மாற்றி, பால் கேனை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, டவுனில் இருக்கும் சலாஹுதீனின் தேநீர்க் கடைக்குப் புறப்பட்டார்.

நண்பகலில் புல் அறுக்கப் போன செல்லாயி, வேலையை முடித்துவிட்டுச் செம்பனை நிழலில் சற்றே உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே போய்விட்டாள். நெஞ்சு, என்றார்கள். அறுத்த புல்லைக் கட்டாகக் கட்டி, அரிவாளை அதில் செருகி வைத்திருந்தாள். அந்தப் புல்லைச் சாயங்காலம் மாடுகள் தின்றன.

தகனத்துக்கு மறுநாள் பால் தெளிக்கும் சடங்கு. காலமெல்லாம் ஊருக்குப் பால் ஊற்றியவளுக்கு அன்றைக்குக் கடையில் வாங்கிய பெட்டிப் பாலைத்தான் கத்தரித்து ஊற்ற வேண்டியிருந்தது. பெட்டியின் மேலே ஒரு மாடு சிரித்துக்கொண்டிருந்தது. இதைச் செல்லாயி பார்த்திருந்தால் அந்த மாட்டை என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்த சன்னாசிக்கு, அழ வேண்டிய இடத்தில் வாயோரம் துடித்தது. தாடையைச் சொறிவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பெட்டிப் பாலுக்குக் காரணம் டத்தின்.

வீட்டில் மூன்று உருப்படிகள் இருந்தன. ஒன்று சினை, ஒன்று கிடேரி. கறவையில் இருந்தது டத்தின் மட்டுமே. ஜெர்சிக் கலப்பு, பழுப்பு நிறம், மை தீட்டியதுபோல் கண்கள். கன்றாக இருக்கும்போதே கழுத்தைத் தூக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடக்கும். தவிட்டில் தூசி இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “எந்த டத்தோ பொண்டாட்டிடி நீ?” என்று செல்லாயி ஒருநாள் கேட்டாள். டத்தோ பட்டம் வாங்கியவரின் மனைவி டத்தின்தானே; பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அதை ‘அது’ என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவள், டத்தின்.

செல்லாயி போன நாளிலிருந்து டத்தின் கன்றுக்கு மட்டும் பால் விட்டாள். கன்றை விலக்கிவிட்டு சன்னாசி முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொண்டாள். வெந்நீரில் மடியைக் கழுவினார். காம்பில் எண்ணெய் தடவினார். செம்பனைப் புண்ணாக்கை வழக்கத்தைவிடக் கூட வைத்தார். டத்தின் புண்ணாக்கை மரியாதையாகத் தின்றுவிட்டு வாளியை உதைத்தாள்.

மாட்டு டாக்டர் வந்து மடியை அழுத்திப் பார்த்தார்.

“கன்னு சின்னது. அதால குடிச்சுத் தீர்க்க முடியாது. இப்படியே போனா மடி கட்டிக்கும். கறக்க வழி பாருங்க, இல்லேன்னா வத்த விட்டுருங்க.”

வற்ற விட்டால் என்ன ஆகும் என்று சன்னாசிக்குத் தெரியும். ஈப்போவில் வேலை பார்க்கும் மகள் தினேஸ்வரி கருமாதி அன்றே சொல்லிவிட்டாள்.

“பால் இல்லாத மாட்டை வச்சுக்கிட்டு இந்தக் காட்டுல தனியா என்னப்பா செய்யப் போறீங்க? ஆயர் தாவார்ல ரூபன்னு ஒரு யாவாரி இருக்காரு. மூணையும் கொடுத்துட்டு வந்து எங்க ஃபிளாட்டுல இருங்க. பெரிய டிவி இருக்கு.”

மகள் அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் மாடிக்கட்டடத்தில், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல் தெரிகிற இடத்தில், காலையில் எழுந்து எதைப் பார்த்து நிற்பது? வற்றிப்போன மாட்டை எந்த வியாபாரியும் வளர்ப்பதற்கு வாங்குவதில்லை. குர்பானிக்கு மாடு அறுக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கொடிசுற்றிப் பிறந்த டத்தினை மூக்கைத் துடைத்து, வாயில் ஊதி, தன் கைலியில் சுற்றி அடுப்படியில் வைத்துக் காப்பாற்றியவள் செல்லாயி. அந்த மாட்டை லோரியில் ஏற்றிவிட்டுத் திரும்பி அடுப்படிக்குள் நுழைய அவருக்குக் கால் வராது.

“ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாப்போம்” என்றார். மகள் சரி என்றாள்.

சலாஹுதீனுக்கும் கவலைதான். அவன் கடையின் பேரே பசும்பாலில் இழுத்து ஆற்றும் தே தாரிக் தேநீரில்தான் நின்றது. இப்போது டின் பாலில் ஆற்றி இழுத்தான். குடிக்கிறவர்கள் ஒன்றும் சொல்லாமல் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

“அண்ணே, எங்க அத்தா சொல்லும்” என்றான் ஒருநாள், தேநீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு. “ஊர்ல பொம்பளை கறந்த மாட்டை ஆம்பளை கறக்கணும்னா, அந்தப் பொம்பளையோட சேலையைப் போத்திக்கிட்டுத்தான் உக்காருவாங்களாம். மாடு வாசம் புடிச்சு ஏமாந்துரும்.”

“துணி ஏது பாய்? எல்லாத்தையும் தொவைச்சு மடிச்சு கோப்பெங் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தாச்சு. ஒண்ணு விடலை.”

உண்மைதான். கருமாதி முடிந்ததும் போனவர் துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்று தினேஸ்வரி கைக்குட்டைவரை வாரிக் கொடுத்திருந்தாள். மாட்டுக்கு ஒன்று தேவைப்படும் என்று யாருக்குத் தோன்றும்?

சலாஹுதீன் மோவாயைத் தடவினான். “எங்க வீட்டுக்காரி சக்கீனாவும் செல்லாயி அக்காவும் பாசார் மாலாம் ராச்சந்தையில ஒரே துணியில காஃப்தான் எடுத்தாங்களே. அதே பூவு, அதே கலரு. வாசம் இல்லாட்டியும் பூவாவது இருக்கும்லா.”

இப்படித்தான் மறுநாள் காலை, லோரி ஓட்டி வைரம் பாய்ந்த உடம்பும் நரைத்த முறுக்கு மீசையுமாக சன்னாசி, சக்கீனாவின் ஊதாப் பூப்போட்ட காஃப்தான் அங்கியை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். முன்னெச்சரிக்கையாக அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டார். பழைய லயத்துப் பக்கம் இப்போது ஆளே கிடையாது என்பதால் பயமில்லை. டத்தின் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். காஃப்தான் நுனியை முகர்ந்தாள். யோசிப்பதுபோல் நின்றாள். சன்னாசி மூச்சைப் பிடித்துக்கொண்டு காம்பில் கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ரூபன் லோரியில் வந்து இறங்கினான். தினேஸ்வரி போன் செய்து சும்மா மாட்டைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தாளாம்.

“அண்ணே” என்று கூப்பிட்டுக்கொண்டே கொட்டகை வாசலுக்கு வந்தவன் நின்றான். பிறகு திரும்பித் தன் லோரி டயரை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தான்.

“வா ரூபன்” என்றார் சன்னாசி, எழுந்திருக்க வழியில்லாமல்.

“இல்லண்ணே, நீங்க உடுத்திட்டு… உங்க சௌரியம்போல வாங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.”

டத்தின் வாளியை உதைத்தாள். வாளி உருண்டு ரூபனின் காலடியில் போய் நின்றது. அவன் அதை எடுத்து, கண்ணை உயர்த்தாமலேயே உள்ளே நீட்டினான்.

“மாடு நல்ல மாடுண்ணே. வீட்டுல இப்படிக் கஷ்டம்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லுங்க.”

செய்தி ஆயர் தாவார் போய்ச் சேர்வதற்குள் சுங்காய்க்கு வந்துவிட்டது. சாயங்காலம் சக்கீனா கோழிக் குருமாவும் இடியாப்பமும் எடுத்துக்கொண்டு காரில் வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“சிரிக்கிறதுன்னா சிரிச்சிரும்மா” என்றார் சன்னாசி.

சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், “என்னாச்சுண்ணே? பூவைப் பாத்தும் டத்தின் எரங்கலையா?”

“எதைத்தான் கேக்குறான்னு தெரியலம்மா. கையும் கழுவியாச்சு, துணியும் உடுத்தியாச்சு. ரேடியோகூட வச்சுப் பாத்துட்டேன்.”

“பேசிப் பாத்தீங்களா?”

“மாட்டுக்கிட்ட என்ன பேசுறது?”

சக்கீனா அவரை வியப்பாகப் பார்த்தாள். “அக்கா பேசிக்கிட்டேதானே கறக்கும். நீங்க கேட்டதே இல்லையா? நீங்க லோரி ஓட்டுன காலத்துல நான்தானே இருட்டோட வந்து பால் எடுப்பேன். கதவுகிட்ட நிப்பேன். முக்காலியில உக்காந்ததுல இருந்து வாளி நெறையிற வரைக்கும் அக்கா வாய் ஓயாது. நீங்க பக்கத்துல வந்தா நிறுத்திரும்.”

“நான் வந்தா ஏன் நிறுத்தணும்? என்ன பேசுவா?”

சக்கீனா இடியாப்பப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

“உங்களைப் பத்தித்தாண்ணே.”

“என்னைப் பத்தி என்ன?”

“எல்லாம் குத்தம்தான்.”

சன்னாசி வாளியை எடுத்தார். “வா. சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு.”

கன்றை ஊட்ட விட்டு விலக்கிக் கட்டிவிட்டு அவர் முக்காலியில் உட்கார்ந்தார். சக்கீனா தன் பழைய இடத்தில், கதவோரம் நின்றாள். தொண்டையைச் செருமினாள். கூச்சத்தோடு தொடங்கியவள் இரண்டாவது வார்த்தையிலேயே செல்லாயியின் இழுவைக்குப் போய்விட்டாள்.

“‘நேத்து அந்த மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமாடி டத்தினு? மீனு வாங்கச் சொல்லி அனுப்பினேன். மீன்காரன்கிட்ட பந்து வெளையாட்டைப் பேசிட்டு மீனை அங்கேயே வச்சிட்டு வந்துட்டாரு. கையில கொத்தமல்லி மட்டும் இருக்கு. கொத்தமல்லியை வச்சு நான் யாருக்குக் கொழம்பு வைக்க?’”

டத்தினின் ஒரு காது பின்னால் திரும்பியது.

“அன்னிக்குப் பெரிய மேட்ச்சு” என்றார் சன்னாசி.

“அண்ணே, நீங்க பேசாதீங்க. கெடுத்துருவீங்க.” சக்கீனா ஓரடி முன்னால் வந்தாள். “‘இனிப்புநீர் இருக்கு, சீனி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. பாய் கடையில சீனி போடாமத்தான் குடிக்கிறேன்னு எங்கிட்ட சத்தியம் பண்றாரு. பாய் பொண்டாட்டி எனக்குச் சொல்ல மாட்டாளா?’”

“அப்ப அது நீதானா?”

“பாலைப் பாருங்கண்ணே.”

சன்னாசி குனிந்து பார்த்தார். விரலிடுக்கில் காம்பு தளர்ந்து, சூடாக நிறைந்திருந்தது. அழுத்தினார். வாளியின் அடியில் பால் பட்டுச் ‘சர்’ரென்றது. மறு கையால் அழுத்தினார். அதுவும் பேசியது. சக்கீனா அதற்குள் தடையில்லாத வேகத்துக்கு வந்திருந்தாள். கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியிலேயே தூங்கியது, ஐம்பது தடவை சொல்லியும் ஈரத்துண்டை மெத்தைமேல் போடுவது, வளையல் வாங்கி வந்து அது மகளின் பொம்மைக்கு மட்டுமே சேர்ந்தது. சன்னாசி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு கறந்தார்.

“‘குறட்டை வேற. கூரையே தூக்குதுடி. போன வாரம் ஈப்போவுல மக வீட்டுல தங்கிட்டாரு. வீடு அப்படி ஒரு அமைதி. எனக்கு விடியிற வரைக்கும் தூக்கமே இல்ல. அதுக்கும் இந்த மனுசன்தான் காரணம்.’”

சன்னாசியின் கை நின்றது. சக்கீனாவும் நிறுத்தினாள். டத்தின் கழுத்தைத் திருப்பி, என்ன ஆச்சு என்பதுபோல் பார்த்தாள். அவர் நெற்றியை அவள் விலாவில் சாய்த்துக்கொண்டு, மறுபடி கறக்கத் தொடங்கினார்.

“முடிவுல எப்பவும் கொண்டிதாண்ணே” என்றாள் சக்கீனா மெதுவாக. “‘கொண்டி ஆடுது, கொண்டி ஆடுதுன்னு சொல்றேன். நாளைக்கு நாளைக்குங்குறாரு.’ கொண்டிக்கு அக்கா வந்துட்டா கறவை முடிஞ்சுதுன்னு நான் கேனை நகத்துவேன்.”

கொண்டி என்றதும் டத்தின் பின்காலை மாற்றி வைத்து, அடிமடியில் தேக்கி வைத்திருந்த கெட்டியான கடைசிப் பாலையும் விட்டாள். நுரை வாளியின் விளிம்பைத் தொட்டது.

மறுநாள் காலை சக்கீனா இல்லை. சன்னாசி தனியாக உட்கார்ந்தார்.

“டத்தின். சன்னாசி என்பவர்…” என்று தொடங்கினார். டத்தின் அசையவில்லை. கோயில் கூட்டத்தில் பேசுவதுபோல் இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தி, “இந்த மனுசன் நேத்து சோத்தைக் கருக்கிட்டாருடி” என்றார். காது திரும்பியது. “சட்டிய ஊற வைக்கக்கூட புத்தி இல்ல. அப்படியே மூடி வச்சிருக்காரு, யாரோ வந்து கழுவப் போற மாதிரி.” பால் இறங்கியது.

திட்டுவது அவ்வளவு கஷ்டமான வேலையில்லை என்று சில நாளில் கண்டுகொண்டார். சரக்குக்கும் பஞ்சமில்லை. பழைய குறைகள் தீர்ந்த நாளில் புதியவை கிடைத்தன. சட்டையைத் திருப்பி மாட்டியது, கேஸ் அடுப்பை அணைக்க மறந்தது, கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியது. சில குறைகளை அவரே ஜோடித்தார். டத்தின் அவற்றைக் கண்டுபிடித்துவிடுவாள்போல் இருந்தது. பால் சற்றுக் குறைவாகவே வந்தது. அதனால் உள்ளதை மட்டும் சொன்னார்.

சலாஹுதீன் கடையில் பசும்பால் தேநீர் திரும்ப வந்தது. கேனை இறக்கும்போதே குரல் வரும்.

“இன்னிக்கு என்ன குத்தம்ணே?”

“உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அதெல்லாம் குடும்ப விசயம். தே கொடு. சீனி வேணாம்.”

“கொஞ்சமாவது…”

“வேணாம் பாய். நாளைக்குக் காலையில சொல்ல வேண்டி வரும்.”

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை தினேஸ்வரி விடியலிலேயே கிளம்பி வந்துவிட்டாள். ரூபனுக்கு அன்றைக்கே பதில் சொல்வதாக ஒத்துக்கொண்டிருந்தாள். கூடவே, அம்மா கடைசியாகக் கேட்டது என்று அப்பா புலம்பியதை நினைத்து, ஈப்போ ஹார்டுவேர் கடையில் நல்ல எவர்சில்வர் கொண்டி ஒன்றும் வாங்கியிருந்தாள். காரை நிறுத்திவிட்டு வந்தவள், கொட்டகைக்குள் அப்பா யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருப்பதைக் கேட்டு நின்றாள்.

“…துணி காயப்போட்டா மழை வருதான்னு பாக்க வேணாமா? ஊரே எடுத்து உள்ள வச்சாச்சு. இவரு மட்டும் டிவி முன்னால உக்காந்து செய்தியில மழை வரும்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருக்காரு…”

தினேஸ்வரி எட்டிப் பார்த்தாள். உள்ளே அப்பாவையும் மாட்டையும் தவிர யாரும் இல்லை. வாளியில் பால் முக்கால்வாசி ஏறியிருந்தது. அவளுக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் கதவில் தலையைச் சாய்த்து நின்று கேட்டாள். அம்மாவின் இழுவை அப்பாவின் கனத்த தொண்டையில் ஒட்டாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அவளாகவே சொன்னாள். “டத்தின், இதையும் கேட்டுக்கோ. என்னை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர மறந்துட்டு, பக்கத்து வீட்டுப் புள்ளையை மட்டும் மோட்டார்ல ஏத்திக்கிட்டு வந்து எறக்கினாரு. எங்கம்மா கேட்டதுக்கு, ‘ஒரு புள்ளை வந்துருச்சுல்ல’ன்னாரு.”

சன்னாசி திடுக்கிட்டுத் திரும்பினார். வாளிக்குள் பால் வேகம் பிடித்தது.

“பாத்தியா” என்றார் மகளிடம். “இது புதுசு. இதுக்கு நல்லா விடுறா.”

தினேஸ்வரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை எடுத்து, முற்றத்துப் பக்கம் போய், ரூபனிடம் பேசினாள். மாட்டைக் கொடுக்கிற மாதிரி இல்லை என்றாள். அவன் என்ன கேட்டானோ, “இல்லண்ணே, அப்பா நல்லாத்தான் இருக்காரு. காஃப்தான் எல்லாம் இப்பப் போடுறதில்ல” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். திரும்பி வந்து பையிலிருந்து கொண்டியை எடுத்தாள்.

“ஸ்க்ரூவும் இருக்குப்பா. ஸ்க்ரூ டிரைவர் எங்க? நானே போட்டுட்டுப் போறேன்.”

சன்னாசி வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கொண்டியை வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் வைத்துப் பார்த்தார். நல்ல கனம். பளபளப்பு.

“நல்ல சாமான்மா. ஆனா கடைசிப் பாலை இவ கொண்டிக்குத்தான் விடுறா. போட்டுட்டு, போடலைன்னு எப்படிச் சொல்ல?”

“மாட்டுக்கு எப்படிப்பா தெரியும்?”

“கதவு அவ கண்ணுக்கு முன்னாலதானே இருக்கு.”

தினேஸ்வரி டத்தினைப் பார்த்தாள். டத்தின் கழுத்தைத் தூக்கிக்கொண்டு கதவைப் பார்த்தாள்.

கொண்டி இப்போது சமையலறை ஜன்னலில், வாங்கின பிளாஸ்டிக் பைக்குள்ளேயே இருக்கிறது. வந்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பும்போதெல்லாம் தினேஸ்வரி அதைப் பார்த்துவிட்டுப் போகிறாள். கொட்டகைக் கதவு தினமும் காலையில் அவிழ்க்கப்பட்டு, மாலையில் கட்டப்படுகிறது. கயிறு அதே நீல ரஃபியாக் கயிறு. முடிச்சும் அதே முடிச்சுதான், இழுத்தால் வந்துவிடும்.